பட்டன் செல்லும் வாசகனின் மரணமும்
கையடக்க விளையாட்டுக் கருவிகளில் ‘சேமிப்பு’ குறித்துச் சில குறிப்புகள்

1

வீடியோ கேமைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதப்போகிறேன் என்றதும் நண்பர்களிடமிருந்து இரண்டு விதமான எதிர்வினைகள் வந்தன. ‘அது சின்னப் பசங்க சமாச்சாரம்’ என்றது ஒன்று. ‘பன்னாட்டுக் கம்பெனியின் பண்டம், அதில் ஆராய என்ன கெடக்கு, அம்பலப்படுத்தினால் போதாதா?’ என்றது மற்றொன்று. முதலாவது மரபான இலக்கியவாதியின் குரல். இரண்டாவது நம்முடைய தோழர்களின் குரல். எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தாலும் இரண்டும் ஒரே முடிவில் போய்ச் சந்திக்கின்றன: விளையாடுகிறவர் எதையும் எழுதுவதில்லை, சும்மா நுகர்கிறார் என்ற முடிவு. இந்த முடிவை மறுக்க வேண்டியிருக்கிறது. மறுப்பதற்கு நான் எடுத்துக்கொள்வது மிகச் சிறிய விஷயம். கையடக்கக் கருவியில் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்துகிறோமே, அதுவரை ஆடியது எங்கே போகிறது? யாருடைய காவலில் இருக்கிறது?

நாவலைப் பாதியில் மூடிவைத்தால் அடையாளத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். நாம் படித்தாலும் படிக்காவிட்டாலும் பக்கங்கள் அப்படியே கிடக்கும். விளையாட்டில் நிலைமை வேறு. திறந்த கதவு, தோற்கடித்த எதிரி, சேர்த்த பொருள், பாத்திரத்துக்கு நாமே இட்ட பெயர் எல்லாம் சேர்ந்துதான் அடுத்த பக்கம் உருவாகிறது. ஆகவே ‘சேமிப்பு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, பிரதிக்குள் வாசகர் எழுதிச் சேர்த்த அத்தியாயத்தைத்தான். அந்த அத்தியாயம் எந்த மையில் எழுதப்படுகிறது, எத்தனை காலம் நிற்கிறது, யார் அழிக்கலாம் என்பவை தொழில்நுட்பக் கேள்விகள் மாதிரி தோன்றும். தோற்றம்தான் அப்படி.

2

காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் தொடர்ச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. தோற்றால் அடுத்த நாணயம். ஆடியவரை மறந்துவிடுவதில்தான் அந்த இயந்திரத்தின் வருமானம் இருக்கிறது. நம்மூரில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடிய மலிவுக் கருவிகளும் அவற்றின் ‘கேசட்’களும் (கேட்ரிட்ஜுக்கு நம்மூர்ப் பெயர் அதுதான், இங்கும் அதையே வைத்துக்கொள்கிறேன்) இதே மறதியில்தான் ஓடின. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று அட்டையில் போட்டிருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடர வழியிருக்காது. கரண்ட் போனால் ஆட்டம் போச்சு.

1989இல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி ‘கேம் பாய்’ கருவியை வெளியிட்டது. குன்பெய் யோகோயும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. நாலு பென்சில் செல் போட்டு எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் ஆர்கேட்டின் மறதி கூடவே வந்தது. அந்த ஆண்டு இந்தக் கருவிக்கு வந்த ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தில் எத்தனை புள்ளி எடுத்தாலும் ஸ்விட்சை அணைத்தவுடன் கணக்கு அழிந்துவிடும். அதே ஆண்டின் ‘சூப்பர் மாரியோ லேண்ட்’ ஒவ்வொரு முறையும் முதல் கட்டத்திலிருந்துதான் தொடங்கும். 1992இல் வந்த அதன் இரண்டாம் பாகமோ மூன்று பேருடைய கணக்கைத் தனித்தனியாக வைத்துக்கொண்டது. இடையில் என்ன நடந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்குமுன் கடவுச்சொல் முறையைப் பார்த்துவிட வேண்டும். 1986இல் தொலைக்காட்சிக் கருவிக்காக ஜப்பானில் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ ஆட்டத்தில் அரசனிடம் போனால் அவன் 20 எழுத்துகள் கொண்ட மந்திரம் ஒன்றைச் சொல்வான். அதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு மறுநாள் உள்ளிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்துகள் வரை நீண்டது. சாயலில் ஒத்த இரண்டு ஜப்பானிய எழுத்துகளை மாற்றி எழுதிவிட்டால் முடிந்தது கதை. ஏடு பெயர்த்து எழுதுகிறவரின் கைப்பிழையிலிருந்து பாடபேதங்கள் பிறக்கும். இங்கே பாடபேதத்துக்கு இடமில்லை, ஓர் எழுத்து பிசகினாலும் கதவு திறக்காது.

சிரமமான முறைதான். இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே இயந்திரம் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நினைவு முழுக்க வாசகரின் நோட்டில், அவருடைய கையெழுத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனிடம் அந்த 20 எழுத்துகளைச் சொன்னால் அவனும் அதே இடத்தில் போய் நிற்பான். அனுமதி கேட்க வேண்டியதில்லை, கம்பெனிக்குத் தெரியவேண்டியதும் இல்லை.

3

பிறகு வந்தது பட்டன் செல்.

கேம் பாய் கேசட்டைத் திறந்து பார்த்தால் பலகையில் இரண்டு வகை நினைவுகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். ஒன்று ரோம். கம்பெனி எழுதிய நிரல், படம், இசை, வசனம் எல்லாம் தொழிற்சாலையிலேயே இதில் பதிக்கப்பட்டுவிடுகின்றன. நிலைத்திருக்க மின்சாரம் வேண்டாம். ஆடுகிறவர் திருத்தவும் முடியாது. மற்றது எஸ்-ராம். ஆடுகிறவர் சேமிப்பது இதில். மின்சாரம் நின்ற கணத்தில் இதிலுள்ளதெல்லாம் போய்விடும். ஆகவே அதை உயிரோடு வைத்திருக்க 3 வோல்ட் லித்தியம் பட்டன் செல் ஒன்றைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்தார்கள். கருவியை அணைத்துவிட்டு கேசட்டைப் பரணில் போட்டாலும் அந்தச் செல் துளித்துளியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். 10 வருஷம், 15 வருஷம், சிலதில் 20 வருஷத்துக்கு மேலும். அப்புறம் ஒரு நாள் நின்றுபோகும். ஆட்டம் அன்றும் வழக்கம்போல ஓடும். அதற்குள் எழுதப்பட்டிருந்த ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

ரொலாண்ட் பார்த் 1967இல் வெளிவந்த கட்டுரையில் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். தமிழில் அமைப்பியல் விவாதங்கள் நடந்த நாட்களிலிருந்து நாமும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறோம், பல நேரங்களில் மந்திரம் மாதிரி. கேசட்டுக்குள் நடப்பது அதற்கு நேர் எதிர். இங்கே ஆசிரியன் சாவதில்லை. அவன் தனிமனிதன்கூட அல்ல, ஒரு கம்பெனி. அவனுடைய எழுத்து சிப்பில் பதிந்து கிடக்கிறது. சாவது வாசகன். அதுவும் தேதி குறிக்கப்படாத, ஆனால் தொழிற்சாலையிலேயே நிச்சயிக்கப்பட்ட சாவு.

இதைச் சதி என்று சொல்ல வரவில்லை. எந்த நினைவுக்கு எந்தச் சிப் என்பது அன்றைய விலையையும் தொழில்நுட்பத்தையும் பார்த்து எடுத்த முடிவு. ஆனால் அதிகாரம் எப்போதும் சதியாக வந்தாக வேண்டுமா? எது நிலையானது, எது தற்காலிகமானது என்ற படிநிலை ஒரு பலகையின் மேல் இவ்வளவு துலக்கமாக வரையப்பட்டிருக்கும்போது, வரைந்தவருக்கு அந்த நோக்கம் இருந்ததா என்பது இரண்டாம்பட்சம்.

1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான ‘போக்கிமான்’ சிவப்பு, பச்சை ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கேசட்டில் ஒரே ஒருவருடைய கணக்குக்குத்தான் இடம். தங்கை புதிதாகத் தொடங்கிச் சேமித்தால் அண்ணனின் நூறு மணிநேர உழைப்பு அழியும். ஆக, கேசட்டைக் கைமாற்றிக் கொடுப்பது என்றால் முதல் ஆளின் எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் எழுதுவது என்றுதான் பொருள். சேமிப்புக்கான இடம் மொத்தம் 32 கிலோபைட். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுனிகோடில் வழக்கமாக மூன்று பைட் பிடிக்கும்; இந்தக் கட்டுரைகூட அதில் அடங்காது. அவ்வளவு சின்ன இடத்தில் பல்லாயிரம் பிள்ளைகளின் பால்யம் கிடந்தது.

1999இல் வந்த தங்கம், வெள்ளி ஆட்டங்களில் இன்னொரு முரண். அவற்றில் நிஜக் கடிகாரம் ஒன்று வைத்தார்கள். வெளியே இரவானால் ஆட்டத்திலும் இரவு. கருவி அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓட வேண்டும், அதற்கும் அதே செல்தான். விளைவு, முந்தைய ஆட்டங்களைவிடச் சீக்கிரமாகவே இவற்றின் செல் தீர்ந்தது. 2002இல் ‘கேம் பாய் அட்வான்ஸ்’ கருவிக்கு வந்த ரூபி, சஃபயர் ஆட்டங்களில்தான் சேமிப்பு, மின்சாரம் தேவைப்படாத ஃபிளாஷ் சிப்புக்கு மாறியது. அங்கே செல் தீர்ந்தால் கடிகாரம் நிற்கும், வாசகர் இருப்பார்.

இந்தச் சித்திரத்தில் வர்க்கமும் இருக்கிறது. அசல் கேசட் வாங்க முடியாதவர்களுக்காக உலகெங்கும் விற்ற நகல் கேசட்டுகள் பலவற்றில் செல்லே கிடையாது. ஆட்டம் ஓடும், சேமிப்பு தங்காது. காசில்லாதவர் படிக்கலாம், எழுதக்கூடாது. கல்வியின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிய செய்தியா என்ன?

4

இந்தப் படிநிலைக்குள் வாசகர்கள் அடங்கிக் கிடந்தார்கள் என்றால் மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை. அடங்கவில்லை.

போக்கிமானில் இரண்டு கருவிகளை ஒரு கேபிளால் இணைத்துப் பிராணிகளைப் பரிமாறிக்கொள்ளலாம். அப்படி இடம்மாறும் ஒவ்வொரு பிராணியும் அதை முதலில் பிடித்தவரின் பெயரையும் அவருக்கான ஐந்து இலக்க எண்ணையும் சுமந்துகொண்டே போகும். என் கேசட்டின் செல் தீர்ந்து நான் அழிந்த பிறகும், எங்கேயோ ஒருவருடைய கேசட்டில் என் பெயர் கிடக்கும். பெட்டியில் பூட்டி வைத்ததெல்லாம் போய், கொடுத்தது மட்டும் மிஞ்சுகிற விசித்திரமான பொருளாதாரம் இது. கேபிளையும் கம்பெனிதான் விற்றது, மறுக்கவில்லை. ஆனால் ‘என்னுடைய சேமிப்பு’ என்ற தனிச்சொத்துக் கருத்தை அது உள்ளிருந்தே அசைத்துப் பார்க்கிறது.

அடுத்தது, சேமிப்பின் இடைவெளி. தங்கம், வெள்ளி ஆட்டங்களில் பெட்டி மாற்றும்போது ஆட்டம் தானாகச் சேமிக்கும். அந்தச் சேமிப்பு முடியுமுன் சரியான கணத்தில் ஸ்விட்சை அணைத்தால் ஒரே பிராணி பெட்டியிலும் இருக்கும், கையிலும் இருக்கும். ஒன்று இரண்டாகிவிட்டது! பெட்டி ஒரு கணத்திலும் மற்ற விவரங்கள் இன்னொரு கணத்திலும் எழுதப்படுகின்றன. நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தைக் கண்டுபிடித்தவர்கள் நிரல் படித்த பொறியாளர்கள் அல்ல, ஆடிப்பார்த்த பிள்ளைகள். மிஷெல் தெ செர்த்தோ 1980இல் வாசகர்களை அடுத்தவர் நிலத்தில் அனுமதியின்றி வேட்டையாடுகிறவர்களோடு ஒப்பிட்டபோது சொல்ல வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். நிலம் அவர்களுடையதல்ல, பாதை அவர்களுடையது.

ஆனால் நிலவுடைமையாளன் தூங்கவில்லை. 1995இல் அமெரிக்காவில் தொலைக்காட்சிக் கருவிக்காக வெளியான ‘எர்த்பவுண்ட்’ ஆட்டத்தில் நகலெடுப்பதற்கு எதிரான அடுக்கடுக்கான பூட்டுகள் இருந்தன. கடைசிப் பூட்டு கொடூரமானது. நகல் கேசட் என்று ஆட்டத்துக்குத் தெரிந்தால், இறுதி எதிரியோடு மோதும் இடம் வரை ஆடவிடும். அங்கே போனதும் உறைந்து நிற்கும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சேமிப்புகள் எல்லாம் அழிந்திருக்கும். நகலெடுத்தவருக்கு இதனால் நஷ்டமில்லை, அவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். தண்டனை, தெரிந்தோ தெரியாமலோ அதை வாங்கி, பல நாட்கள் உட்கார்ந்து ஆடியவருக்கு. ஆசிரியன் தன் உரிமையை நிலைநாட்டத் தேர்ந்தெடுத்த இடம் எது என்று பாருங்கள்: வாசகரின் நினைவு.

5

இன்றைக்கு ‘ரெட்ரோ’ என்ற பெயரில் கையடக்கக் கருவிகள் ஏராளமாக விற்கின்றன. சீனத்தின் ஆன்பெர்னிக் முதலான கம்பெனிகள் பழைய கேம் பாய் சாயலில் தயாரிக்கிறார்கள். உள்ளே இருப்பது சின்னக் கம்ப்யூட்டர், அதில் பழைய இயந்திரங்களைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள். விற்பனையாகும் பண்டம் கடந்தகால ஏக்கம். முப்பதைத் தாண்டிய என் தலைமுறைதான் வாடிக்கையாளர். இந்த ஏக்கம் ஒன்றை மறைக்கிறது. திரும்பக் கிடைப்பது ரோம், அதாவது கம்பெனியின் பிரதி. நாம் இழந்தது எஸ்-ராம். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையின் 2023ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. முக்கியமான ஆய்வுதான். ஆனால் அந்தக் கவலையும் ஆசிரியப் பிரதியைப் பற்றியது. வாசகர்கள் எழுதியதில் எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்று யார் கணக்கெடுத்தார்கள்?

இந்தக் கருவிகள் புதிதாக ஒன்றைக் கொடுக்கின்றன: ‘சேவ் ஸ்டேட்’. பழைய ஆட்டங்களில் எங்கே நிறுத்தலாம் என்பதை ஆட்டம்தான் தீர்மானித்தது. 1991இன் ‘மெட்ராய்ட் 2’ ஆட்டத்தில் குறிப்பிட்ட சில நிலையங்களுக்குப் போய் நின்றால்தான் சேமிக்கலாம். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது, சேமிக்கும் நிறுத்தம் வரவில்லை என்றால் என்ன செய்ய? சேவ் ஸ்டேட் அந்த அதிகாரத்தை உடைக்கிறது. எந்தக் கணத்திலும் பொத்தானை அழுத்தினால் இயந்திரத்தின் மொத்த நினைவையும் அப்படியே படம்பிடித்து மெமரி கார்டில் வைத்துவிடும். இதை ‘ஏமாற்று’ என்று முகம் சுளிக்கிற தூய்மைவாதிகள் உண்டு. அவர்களைக் கேட்கத் தோன்றுகிறது: தடையில்லாத இரண்டு மணிநேரம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? அடுப்பில் பால் பொங்கும்போது எழுந்து போகிறவர் யார்? ஷிப்டுக்கு நடுவே பத்து நிமிஷம் மட்டும் கிடைக்கிறவருக்கு, நினைத்த இடத்தில் நிறுத்துவதற்கான உரிமை சலுகை ஆகாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1980இல் வந்த ‘ரோக்’ என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தில் சேமிப்பது எழுந்து போவதற்கு மட்டும்தான். திரும்பி வந்து திறந்ததும் சேமித்த கோப்பு அழிந்துவிடும். ஆகவே அங்கே எடுக்கும் முடிவுக்கு எடை உண்டு. சேவ் ஸ்டேட் கையிலிருந்தால் ஒவ்வொரு ஆபத்துக்கு முன்னும் ஒரு படம், தோற்றால் பின்வாங்கல். மெல்ல மெல்ல வாசிப்பு, பிழைதிருத்தலாகச் சுருங்கிவிடுகிறது. எழுந்து போவதற்கான உரிமை வேறு, எதற்கும் பொறுப்பேற்காமல் இருப்பது வேறு. இரண்டும் ஒரே பொத்தானில் இருப்பதுதான் சிக்கல்.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. சேவ் ஸ்டேட்டும் ஆட்டத்துக்குள்ளேயே செய்யும் சேமிப்பும் ஒன்றல்ல. ஆட்டத்துக்குள் சேமித்தது தனிக் கோப்பாக, அந்தப் பழைய 32 கிலோபைட்டாகவே நிற்கும். வேறு கருவியில், வேறு எமுலேட்டரில் திறக்கும். தகுந்த சாதனம் இருந்தால் அசல் கேசட்டிலேயே திரும்ப எழுதலாம். சேவ் ஸ்டேட் அது உண்டான மென்பொருளோடு கட்டுண்டது. பதிப்பு மாறினாலே திறக்க மறுக்கலாம். அதோடு, பழைய ஸ்டேட் ஒன்றை ஏற்றினால் அது தன் காலத்து எஸ்-ராமையும் சேர்த்துக்கொண்டு வரும். அதற்குப்பின் ஆட்டத்துக்குள் சேமித்ததெல்லாம் சத்தமில்லாமல் மேலெழுதப்படலாம். இதற்கெல்லாம் மேலாக, ஆட்டத்துக்குள் ‘சேமித்தாயிற்று’ என்று திரையில் வந்தாலும் பல கருவிகளில் அது தற்காலிக நினைவில்தான் இருக்கும். ஆட்டத்தை முறையாக மூடும்போதுதான் கார்டில் எழுதப்படும். ‘ரெட்ரோஆர்க்’ போன்ற மென்பொருள்களில் இடையிடையே எழுதச் சொல்லும் வசதி உண்டு. அது இயங்காத கருவியில் ஸ்விட்சைப் பட்டென்று அணைத்தால் ஆடியது போச்சு.

வசதி எது, உரிமை எது என்ற வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. பொத்தானின் சுலபத்தில் மயங்கி, கையோடு எடுத்துப்போகக்கூடிய எழுத்தை விட்டுவிட்டு, எடுத்துப்போக முடியாத படத்தை வைத்துக்கொள்கிறோம்.

6

கடைசிக் கட்டம் ‘மேகம்’. நின்டெண்டோவின் ‘ஸ்விட்ச்’ கருவி 2017இல் வந்தது. அதன் சேமிப்புகளைக் கருவியின் உள்நினைவிலிருந்து மெமரி கார்டுக்கு நகலெடுக்கக் கம்பெனி வழி வைக்கவில்லை. 2018 செப்டம்பரில் கட்டணச் சேவை தொடங்கி, சந்தா கட்டுகிறவர்களின் சேமிப்பைத் தன் கம்ப்யூட்டர்களில் வைத்துக்கொள்ள முன்வந்தது. 2019இன் போக்கிமான் ‘ஸ்வோர்ட்’, ‘ஷீல்டு’ போன்ற சில ஆட்டங்களுக்கு அந்த வசதியையும் மறுத்தது. 2023 பிப்ரவரியில் பழைய கேம் பாய் ஆட்டங்கள் சிலவும் இதே சந்தாவுக்குள் வந்து சேர்ந்தன. பட்டன் செல் தீர 15 வருஷம் ஆனது. இங்கே சந்தாக் காலம்தான் செல்லின் ஆயுள்.

இதில் நமக்கென்ன என்று கேட்கிற எழுத்தாளர்களுக்கு ஒரு சம்பவம். 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கலைக் காரணம் காட்டி, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஆர்வெல்லின் ‘1984’ நாவலைத் தொலைவிலிருந்தே அழித்தது. காசு திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் அந்த நாவலுக்குக் குறிப்புகள் எழுதிவைத்திருந்த பள்ளி மாணவர் ஒருவர் வழக்குப் போட்டார். நூல் போனதும் அவருடைய குறிப்புகள் எதைக் குறிக்கின்றன என்றே தெரியாமல் அந்தரத்தில் தொங்கின. நூலின் விலையைத் திருப்பிக் கொடுக்கலாம். வாசிப்பின் விலை என்ன?

நிரந்தரத்தை நான் கோரவில்லை. எதுவும் அழியக்கூடாது என்பது அருங்காட்சியகத்தின் ஆசை, எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கோருவது எளிமையான ஒன்று: வாசகர் எழுதியதை வாசகரே வெளியே எடுக்க, நகலெடுக்க, இன்னொருவர் கையில் கொடுக்க வழி இருக்க வேண்டும். நோட்டில் எழுதிய அந்த 20 எழுத்துகளுக்கு இருந்த சுதந்திரம், அதைவிட ஆயிரம் மடங்கு வலுவான கருவிகளுக்கு ஏன் இல்லை? கேம் பாய் சேமிப்புக் கோப்பில் கம்பெனி எழுதிய நிரல் இல்லை. இருப்பது ஒருவர் இட்ட பெயர், அவர் போன வழி, அவர் செலவழித்த நேரம். அதைத் தர மறுக்கிறவர் பதிப்புரிமையைக் காப்பாற்றுவதாகச் சொல்ல முடியாது.

பண்பாட்டு அரசியல் பேசுகிற நாம் பிரதியை யார் எழுதினார்கள் என்று நிறையக் கேட்டாயிற்று. வாசகர் எழுதியதை யார் வைத்திருக்கிறார்கள் என்பதையும் இனிக் கேட்க வேண்டும். அதுவரை, பழைய கேசட் வைத்திருக்கிறவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. செல்லைக் கழற்றிய கணத்தில் உள்ளே இருப்பது போய்விடும். ஆகவே கழற்றுவதற்கு முன்பே கேசட் ரீடர் ஒன்றை இரவல் வாங்கியாவது சேமிப்பை நகலெடுத்துவிடுங்கள். நகல் இரண்டாக இருக்கட்டும். ஒன்றை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள்.